பெரியப்பாவின் உறைகளைத் தண்ணீரில் போட்ட கதை

நேற்று ராத்திரி பதினொன்றரைக்கு ஆறாவது ஜோடி சேர்ந்தது. தபால்தலையில் இருந்த அரைவட்ட முத்திரையும், உறை மூலையில் மிச்சமிருந்த அரைவட்டமும் லென்ஸுக்கு அடியில் அச்சாகப் பொருந்தி 'ஹட்டன்' என்ற ஊர்ப்பெயர் முழுசாக வந்தது. மகளை எழுப்பலாமா என்று பார்த்தேன். காலையில் ஸ்கூல், விட்டுவிட்டேன். சந்தோஷம்தான். ஆனால் அந்த வட்டத்தைப் பாதியாக வெட்டியவனும் நான்தான், அதனால் ரொம்பப் பீற்றிக்கொள்ள முடியாது. தபால்தலை சேர்க்க ஆசைப்படுகிற யாராவது கத்தரியை எடுப்பதற்கு முன்னால் படிக்கட்டும் என்று, போன போகியிலிருந்து நடந்ததை வரிசையாக எழுதிவைக்கிறேன்.

அம்பாசமுத்திரத்தில் தாத்தா வீட்டை விற்றபோது பங்காளிகள் ஆளுக்கொரு சாமானாக எடுத்துக்கொண்டார்கள். யாருக்கும் வேண்டாத ஒரு தகர டிரங்குப் பெட்டி, போகிக்கு இரண்டு நாள் முன்னால், லாரி பார்சலில் அம்பத்தூருக்கு என் வீட்டுக்கு வந்தது. உள்ளே முழுக்கக் காகிதம். "போகில போட்டுருடா, கரையான் வரும்" என்றார் அம்மா. ஆறாம் வகுப்பு படிக்கிற மகள் அதற்குள் ஓர் உறையை உருவி எடுத்து, "அப்பா, இந்த ஸ்டாம்புல தமிழ்ல இலங்கைன்னு போட்டிருக்கு" என்று காட்டினாள். பெட்டி தப்பித்தது அப்படித்தான்.

பெரியப்பா 1959 முதல் 1971 வரை இலங்கையில், மலைநாட்டு ஹட்டனில், ஒரு மளிகைக் கடையில் கணக்கு எழுதினார். அங்கிருந்து தாத்தாவுக்குப் போட்ட கடிதங்கள் உறையோடு 61 இருந்தன. அதுபோக உள்ளூர்க் கடிதங்கள், கார்டு, இன்லேண்ட், கல்யாணப் பத்திரிகை எல்லாம் சேர்த்து ஒரு தொண்ணூறு. இலங்கைத் தலைகளில் சிங்களம், தமிழ், ஆங்கிலம் மூன்றிலும் நாட்டின் பெயர் இருந்தது. மகளுக்கு அது போதுமாயிருந்தது. அப்பாவும் மகளும் ஸ்டாம்பு சேர்க்கப் போகிறோம் என்று அன்றைக்கே முடிவாகிவிட்டது.

முதல் தப்பு அன்று மாலையே நடந்தது. இன்லேண்ட் கடிதத்தில் இருந்த மயிலையும் போஸ்ட் கார்டில் இருந்த புலியையும் சதுரமாக வெட்டி எடுத்தோம், மொத்தம் 22. பார்க்க அழகாகத்தான் இருந்தன. அவை ஒட்டிய தலைகள் அல்ல, கார்டிலேயே அச்சடித்தவை என்பது எனக்கு அப்போது உறைக்கவில்லை. அப்படிப்பட்டதை முழுக் கார்டாக, முழு இன்லேண்டாகத்தான் வைத்துக்கொள்வார்கள். வெட்டிய துண்டை யாரும் சீண்டமாட்டார்கள். இப்போது அந்த மயில்கள் மகளின் நோட்டு அட்டையில் இருக்கின்றன.

இரண்டாவது கத்தரி விஷயம். உறையிலிருந்து தலையைச் சுற்றி வெட்டும்போது, காகிதம் கொஞ்சமாக இருந்தால் சீக்கிரம் ஊறும் என்று நினைத்து ஓரத்தை ஒட்டியே வெட்டினேன். தலையின் ஓரத்தில் இருக்கிற பல் ஒவ்வொன்றும் கணக்கு. 2 சென்டிமீட்டருக்கு எத்தனை பல் என்று அளந்துதான் ஒரே படத்தின் இரண்டு வெளியீடுகளைப் பிரித்துப் பார்க்கிறார்கள். நான் 1962-இல் வந்த ராமானுஜன் தலையில், அந்த 15 நயா பைசாத் தலையில், இடது பக்கம் மூன்று பல்லைக் கத்தரித்துவிட்டேன். 1960-இல் வந்த பாரதியார் தலை பிழைத்தது, அதுவும் முண்டாசுக்காரர் அதிர்ஷ்டம். அதற்கப்புறம் சுற்றிலும் ஒரு விரல்கடை காகிதம் விட்டு வெட்டினேன். ஆனால் அதற்குள் முதல் பதினைந்து இருபது இலங்கை உறைகள் பல்லை ஒட்டியே வெட்டுப்பட்டிருந்தன. இதை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள், கடைசியில் வரும்.

தண்ணீரில் போட்டதுதான் பெரிய கூத்து. வாயகன்ற எவர்சில்வர் பேசினில் வெந்நீர் ஊற்றி, கிடைத்ததையெல்லாம் ஒன்றாகப் போட்டேன். அந்த முதல் தொகுதியில் ஒரு கல்யாணப் பத்திரிகை உறையும் இருந்தது. பத்திரிகை அனுப்பும்போது உறையின் நாலு மூலையிலும் மஞ்சள் தடவுவோமே, ஐம்பது வருஷத்து மஞ்சள், வெந்நீரில் பத்தே நிமிஷத்தில் கரைந்து வந்தது. எடுத்துப் பார்த்தால் 26 தலையும் சாம்பார்ப் பாத்திரத்தில் விழுந்தெழுந்த மாதிரி. மஞ்சள் கறை வெயிலில் போகும் என்று அம்மா சொன்னார். உண்மைதான், வேட்டியில் பட்டால் போகிறது. மொட்டை மாடியில் ஒரு பகல் காயவைத்தேன். மஞ்சள் முக்கால்வாசி போயிற்று. கூடவே 15 பைசாத் தலையில் தேயிலை பறிக்கிற பெண்ணும் பாதி வெளுத்துப் போனாள். வெயிலுக்கு மஞ்சளும் ஒன்றுதான், அச்சு மையும் ஒன்றுதான்.

இரண்டு மாதம் கெடுத்துக் கெடுத்து நிலைபெற்ற முறை இது. குழாய்த் தண்ணீர், சூடு வேண்டாம். பேசினில் இரண்டு விரல்கடை ஆழம் போதும். ஒரு தடவைக்கு இருபது தலைக்கு மேல் போடுவதில்லை, படம் மேலே பார்க்க மிதக்கவிட வேண்டும். சிவப்பு, ஊதா, காக்கி உறைத் துண்டுகளுக்குத் தனிக் கிண்ணம். வயலட் மையில் ஏதாவது எழுதியிருந்தாலும் தனிதான். இருபது நிமிஷத்திலிருந்து நாற்பது நிமிஷத்துக்குள் தலை தானாக வழுக்கிக்கொண்டு வரும். வராததை இழுக்கக் கூடாது, இன்னும் பத்து நிமிஷம் விட வேண்டும். வந்ததும் வேறு கிண்ணத்தில் சுத்தமான தண்ணீரில் ஐந்து நிமிஷம். பின்பக்கத்தை விரல் நுனியால் தொட்டால் வழவழப்பு இருக்கக் கூடாது. இருந்தால் பசை போகவில்லை, காய்ந்ததும் எதிலாவது ஒட்டிக்கொள்ளும்.

அமெரிக்காவிலிருந்து மச்சினர் அனுப்பிய தலைகள் இரண்டு மணி நேரம் ஊறியும் அசையவில்லை. அவை ஸ்டிக்கர் வகை, தண்ணீருக்கு மசியாது. காகிதத்தோடு சேர்த்தே ஒழுங்காக வெட்டி வைத்துக்கொள்வதுதான் சரி.

காயவைப்பதிலும் சறுக்கினேன். முதலில் தினசரிப் பேப்பரில் பரப்பினேன், ஈரத் தலையின் முதுகில் ராசிபலன் தலைகீழாக ஏறிவிட்டது. இரண்டாவது தடவை அவசரத்துக்கு இஸ்திரிப் பெட்டியை வைத்தேன். பசை மிச்சமிருந்த இரண்டு தலை வேட்டித் துணியோடு ஐக்கியமாகிவிட்டன. இப்போது பாரிமுனையில் வாங்கிய உறிஞ்சுதாள்தான். முதலில் கால் மணி நேரம் வெள்ளைத் துணியில் படம் கீழே பார்க்கப் போட்டு, பிறகு இரண்டு உறிஞ்சுதாளுக்கு நடுவில் அடுக்கி, மேலே லிப்கோ அகராதியை வைத்து ஒரு ராத்திரி. காலையில் தட்டையாக, மொரமொரவென்று வரும். மகளுக்கு இந்தக் கட்டம்தான் ரொம்பப் பிடித்தது. பல் கூடத் தேய்க்காமல் அகராதியைத் தூக்கிப் பார்ப்பாள்.

சாமான்களில் இடுக்கி முக்கியம். நான் முதலில் எடுத்தது வீட்டில் இருந்த, புருவம் திருத்துகிற பிளக்கர். நுனி கூர்மை, உள்ளே வரிவரியாக இருக்கும். ஈரத் தலையில் ஓட்டை போட்டது. தபால்தலைக்கென்று வருகிற இடுக்கியின் நுனி கரண்டி மாதிரி தட்டையாக, வழவழப்பாக இருக்கும், 180 ரூபாய். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸ் 150. உறிஞ்சுதாள் 80. வைத்துக்கொள்ள முதலில் வாங்கியது போட்டோ ஆல்பம், 240 ரூபாய் தண்டம். பசைப் பக்கத்தின் மேல் பிளாஸ்டிக் மூடுகிற ரகம் அது. சித்திரை வெயிலில் பசை இளகி ஐந்து தலைகளைப் பிடித்துக்கொண்டது. அப்புறம்தான் ஸ்டாக் புக் வாங்கினேன், கறுப்பு அட்டையில் கண்ணாடித்தாள் பட்டைகள் வரிசையாக ஒட்டியிருப்பது, இரண்டு 840 ரூபாய். தலையைப் பட்டைக்குள் செருகினால் போதும், ஒட்ட வேண்டியதில்லை, இடம் மாற்றிக்கொண்டே இருக்கலாம். தொடங்குகிறவர் இடுக்கியும் ஒரு ஸ்டாக் புக்கும் வாங்கினால் போதும். லென்ஸுக்குக் கூட ஒரு மாதம் பொறுக்கலாம்.

நடுவில் ஒரு நல்ல வாரமும் இருந்தது. 1957 ஏப்ரல் 1-ஆம் தேதி நயா பைசா வந்தபோது வெளியான இந்திய வரைபடத் தலைகள் உள்ளூர் உறைகளில் 14 கிடைத்தன. முன்பக்கம் பார்த்தால் வேறுபாடே தெரியாது. ஆனால் முதலில் அச்சடித்த காகிதத்தில் நீர்க்குறியாக, அதாவது காகிதத்துக்குள்ளேயே பதிந்த மங்கலான அடையாளமாக, நட்சத்திரங்கள் இருக்கும், 1958-லிருந்து வந்த காகிதத்தில் அசோகச் சிங்கங்கள். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தேன், ஒன்றும் புலப்படவில்லை. கறுப்புத் தரையில் குப்புறப் போட்டு லைட்டர் திரவம் இரண்டு சொட்டு விட வேண்டும் என்று படித்தேன். சமையல் மேடைக் கிரானைட் கறுப்புதானே என்று பாட்டிலோடு போனேன். பக்கத்தில் கேஸ் அடுப்பு. வீட்டில் என்ன பாட்டு விழுந்திருக்கும் என்று சொல்ல வேண்டியதில்லை. பிறகு மேடை போட்டபோது மிஞ்சிய ஒரு சாண் கல் துண்டை பால்கனிக்கு எடுத்துப்போய் அங்கே செய்தேன். திரவம் பரவியதும் காகிதம் கண்ணாடி மாதிரி ஆகி, சாம்பல் நிறத்தில் நட்சத்திரம் ஒன்று எழும்பியது. ஐந்தாறு விநாடிதான், திரவம் ஆவியானதும் மறைந்துவிட்டது. 14-இல் 5 நட்சத்திரம், 9 சிங்கம். திரவம் 120 ரூபாய். அந்த ஐந்தாறு விநாடிக்கு அது தகும்.

அந்த உற்சாகத்தில், 200 வெளிநாட்டுத் தலைகள் 150 ரூபாய் என்று ஒரு பொட்டலம் வாங்கினேன். பாதிக்கு மேல் 'மக்யார் போஸ்டா', அதாவது ஹங்கேரி. மிச்சத்தில் கணிசமாக அஜ்மான் என்ற குட்டி அரபுச் சிற்றரசு. எல்லாவற்றிலும் ஒரே மூலையில் கால் வட்டமாக, அழகாக முத்திரை. திருப்பினால் பசை அப்படியே இருக்கிறது! கடிதத்தில் ஒட்டவேயில்லை, சேகரிப்பவர்களுக்கு விற்பதற்காகவே முத்திரை குத்தி அனுப்பிய சரக்கு. படம் பார்க்க நன்றாக இருக்கும், குழந்தைகளுக்குப் பிடிக்கும், அவ்வளவுதான். ஆனால் நாட்டுப் பெயர்களை மகள் அதில்தான் கற்றுக்கொண்டாள். 'ஹெல்வெடியா' என்றால் சுவிட்சர்லாந்து. நாட்டின் பெயரே இல்லாமல் ராணி தலை மட்டும் இருந்தால் பிரிட்டன், தபால்தலையை முதலில் வெளியிட்ட நாடு என்பதால் அவர்கள் பெயர் போடுவதில்லை.

ஏப்ரலில் ஒரு சனிக்கிழமை அண்ணா சாலைத் தலைமை அஞ்சலகத்தில் இருக்கிற தபால்தலைப் பிரிவுக்கு இரண்டு பேரும் போனோம். 200 ரூபாய் கட்டி கணக்குத் திறந்தால் புதிதாக வருகிற தலைகளை வீட்டுக்கே அனுப்புவார்கள். படிவம் நிரப்பிக்கொண்டிருந்தபோது பக்கத்தில் நின்ற ஒரு பெரியவர், எழுபது எழுபத்தைந்து வயதிருக்கும், மகளின் ஸ்டாக் புக்கைக் கேட்டு வாங்கிப் பார்த்தார். இலங்கைப் பக்கம் வந்ததும் சட்டைப் பையிலிருந்து சொந்த லென்ஸை எடுத்தார்.

"தம்பி, இதெல்லாம் கவர்லேர்ந்து எடுத்ததா?"

"ஆமா சார். பெரியப்பா அனுப்பின லெட்டர்."

"கவர் எங்க?"

"தலையை எடுத்தாச்சேன்னு போட்டுட்டோம் சார்."

கொஞ்ச நேரம் ஒன்றும் சொல்லவில்லை. புத்தகத்தை மூடி மகளிடம் கொடுத்தார். "இந்தத் தலை அஞ்சு ரூபா, பத்து ரூபாய்க்கு எப்ப வேணா வாங்கலாம். ஹட்டன்லேர்ந்து அம்பாசமுத்திரத்துக்கு உங்க தாத்தா பேருக்கு வந்த கவரை எங்க போய் வாங்குவீங்க?" கோபமாகச் சொல்லவில்லை. அதனால்தான் அண்ணா சாலையிலிருந்து அம்பத்தூர் வரை எனக்குப் பேச்சு வரவில்லை.

வீட்டுக்கு வந்து எண்ணினேன். 61 இலங்கை உறைகளில் 38-ஐ வெட்டியிருந்தேன். 23 முழுசாக இருந்தன. வெட்டிய உறைகளைப் பழைய பேப்பர் கட்டில் வைத்திருந்தோம், கட்டை மார்ச்சிலேயே எடைக்குப் போட்டாயிற்று. பரணில் ஒரு மஞ்சள் பைக்குள் மட்டும் 9 உறைகள் தப்பியிருந்தன. உள்ளே இருந்த கடிதங்களைத் தூக்கிப்போடவில்லை, எல்லாவற்றையும் ஒரு ஃபைலில் வைத்திருந்தேன். ஆனால் எது எந்த உறையில் இருந்தது என்று எழுதி வைக்கவில்லை. பெரியப்பா கடிதத்தின் தலைப்பில் 'தை 5', 'ஆடி 18' என்று தமிழ்த் தேதி மட்டும்தான் போடுவார். வருஷம் போடுகிற வழக்கமே இல்லை. வருஷம் தபால் முத்திரையில்தான் இருந்தது. அதைத்தான் நான் பாதிப் பாதியாக வெட்டி வைத்திருந்தேன்.

மிஞ்சிய 23-ஐயும் 9-ஐயும் பாலியெஸ்டர் உறைகளில் போட்டேன், ஐம்பது உறை 250 ரூபாய். பி.வி.சி. வேண்டாம், நம் ஊர் வெயிலுக்கு அது இளகி ஒட்டும், ஆல்பத்தில் பசை இளகிப் பட்டதே போதும்.

நவம்பர் மழை இன்னொரு பாடம் நடத்தியது. ஸ்டாக் புக்குகளை வெளிச்சுவரை ஒட்டிய அலமாரியில் படுக்கவைத்திருந்தேன். பதினொரு தலைகளில் தேமல் மாதிரி பழுப்புப் புள்ளி விழுந்தது. அப்பாவின் மேசை டிராயரில் இருந்து எடுத்த, உபயோகிக்காத நாலு தலை, பின்னால் பசை இருந்ததால், புத்தகப் பக்கத்தோடு ஒட்டிக்கொண்டன. ராமபாணப் பூச்சி வேறு ஓர் உறையின் மடிப்பை அரித்திருந்தது. இப்போது புத்தகங்கள் நிமிர்ந்து நிற்கின்றன, உள்சுவர் அலமாரியில், ஈரம் உறிஞ்சுகிற சிலிகா ஜெல் பொட்டலங்களோடு, 60 ரூபாய். அம்மா வசம்பைத் துணியில் முடிந்து கொடுத்தார், அலமாரி மூலையில் கிடக்கிறது. அந்துருண்டையைப் பிளாஸ்டிக் பக்கத்தில் வைக்காமல் இருப்பது நல்லது என்பதால் வசம்போடு நிறுத்திக்கொண்டேன்.

மழைக்கு ஸ்கூல் லீவு விட்ட ஒரு நாள் மகள்தான் கேட்டாள், "அந்த ஒம்பது கவருக்கும் ஸ்டாம்பு நம்மகிட்டதானப்பா இருக்கு?" அப்படித்தான் இந்த ஜோடி சேர்க்கிற வேலை தொடங்கியது. முத்திரை பெரும்பாலும் தலையின் இடது ஓரத்தில் பாதி ஏறி விழுந்திருக்கும். வட்டத்தின் இடப்பாதி உறையில், வலப்பாதி தலையில். 38 தலைகளையும் ஸ்டாக் புக்கிலிருந்து எடுத்து மேசையில் பரப்பி, ஒவ்வோர் உறைக்கும் ஒவ்வொன்றாக வைத்துப் பார்த்தோம். மை அடர்த்தி, வட்டத்தின் கோடு எவ்வளவு தடிமன், எழுத்தின் எந்தக் கால் எங்கே அறுந்திருக்கிறது, இதுதான் அடையாளம். இங்கேதான் என் பழைய தப்பு கைகொடுத்தது. பல்லை ஒட்டி வெட்டிய உறைகளில் முத்திரையின் மறுபாதி முழுசாக இருந்தது. ஒழுங்காக ஒரு விரல்கடை விட்டு வெட்டியவற்றில் அந்த விரல்கடைக் காகிதம் பேசினில் ஊறிக் குப்பைக்குப் போய்விட்டதால் நடுவில் இடைவெளி, எதோடும் எதுவும் சேரவில்லை. ஒன்பதில் ஆறு பொருந்தின. மூன்று இந்த இரண்டாவது ரகம், கைவிட்டாயிற்று.

திரும்ப ஒட்டுவதற்குப் பசைப் பாட்டிலைத் தொடவில்லை. ஹின்ஜ் என்று லேசான பசையோடு மடித்த குட்டிக் காகிதப் பட்டைகள் கிடைக்கின்றன, ஒரு பாக்கெட் 160 ரூபாய், பிறகு சேதமில்லாமல் உரித்துவிடலாம். உறையின் பின்னால் பென்சிலில் 'பிரித்துத் திரும்பச் சேர்த்தது' என்று மகள் எழுதினாள். எழுதாமல் விட்டால் நாளைக்கு யாராவது அசல் என்று நம்பிவிடுவார்கள். எல்லாச் செலவும் கூட்டினால் 2,430 ரூபாய், தண்டமான ஆல்பம் உட்பட. அடுத்த பெட்டி எங்கிருந்தாவது வந்தால் முதல் மாதம் பேசினையே எடுக்கமாட்டேன். ஒவ்வொரு உறைக்கும் எண் போட்டு, உள்ளே இருக்கிற கடிதத்துக்கும் அதே எண் போட்டு, இரண்டு பக்கமும் போனில் படமெடுத்த பிறகுதான் மற்றது.

நேற்றுச் சேர்ந்த ஆறாவது உறையில் இருந்தது 'ஹட்'. அதற்குக் கீழே '19 ஜ'. தலையில் இருந்தது 'டன்', கீழே 'ன 65'. உறையின் ஓரத்தில் தாத்தா கையெழுத்தில் 'தை 5 கடிதம், பதில் தை 16' என்று இருந்தது. ஃபைலைப் புரட்டி தை 5 கடிதத்தை எடுத்தேன். இரண்டு மாதம் முன்னால் ஒரு தடவை படித்துவிட்டு, எந்த வருஷம் என்று தெரியாமல் ஒதுக்கி வைத்திருந்த கடிதம் அது. 'ரயில் எப்போது விடுவார்களோ தெரியவில்லை, வழி திறந்த பிறகுதான் ஊருக்கு வர முடியும்' என்று ஒரு வரி. என்ன ரயில், ஏன் நின்றது என்று அப்போது புரியவில்லை. 1964 டிசம்பர் கடைசியில் புயல், இலங்கைக்குக் கப்பல் ஏற ரயில் போய்ச் சேருகிற தனுஷ்கோடியைத் தண்டவாளத்தோடு வாரிக்கொண்டு போனது. கடிதம் அதற்கு நாலு வாரம் கழித்து எழுதியது.

மடிப்புப் பார்த்து மடித்து அந்த உறைக்குள்ளேயே வைத்துவிட்டேன். எடைக்குப் போன 29 உறைகளுக்குப் பேப்பர்காரர் கொடுத்தது கிலோவுக்கு 12 ரூபாய்.